யோபுவின் முதல் மூன்று பெண்கள்

எமிமா என்ற பெயரை நான் சொல்லி முடித்தபோது, என் தம்பி மனைவி லினெட் குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கு அண்ணி" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்றாகிவிட்டது.

லாஸ்பேட்டை கல்லூரி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் விவிலிய அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்த பெயர் அது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை ஞானத்தாய்க்கு. இந்தத் தடவை அது நான். தெருவுக்கு நாலு ஜெரினும் ஜெஸ்வினும் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில், விவிலியம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் வரும் எபிரேயப் பெயரைப் பிடித்தேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. யோபுவின் மகள். பெயருக்குப் புறா என்று அர்த்தம். அவளைப் போல அழகான பெண் அந்த நாட்டிலேயே இல்லையாம். வேறென்ன வேண்டும்?

லினெட்டுக்கு வேண்டியது வேறு. மூத்தவள் ஈனெஸ், நான்கு வயதில், காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது எங்களில் சில குடும்பங்களில் உண்டு. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே லினெட் அதை ஈனெஸ் என்றுதான் நினைத்திருந்தாள். என் தம்பி மிக்காயேல்தான் முடியாது என்றுவிட்டான். "அந்தப் பேர சொல்லி இவள எப்பிடிக்கா கூப்புடுவேன்?" என்று தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து போன் செய்து அழுதான். அதனால்தான் நான் அகராதியைத் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். வியாழன் சாயங்காலம் லினெட் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் விவிலியம் திறந்து கிடந்தது.

"யோபு கடைசி அதிகாரம் படிச்சேன் அண்ணி" என்றாள் லினெட்.

"பாத்தியா, எவ்ளோ அழகா வருது!"

"மொத அதிகாரமும் படிச்சேன். அப்பவும் மூணு பொண்ணுங்க இருந்திருக்காங்க. வீடு இடிஞ்சி வுழுந்து செத்துட்டாங்க. கடைசில ஆண்டவர் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்குறாரு. ஆடு, ஒட்டகம்லாம் ரெண்டு மடங்கு. பொண்ணு மட்டும் அதே மூணு." குழந்தையின் சட்டையை மடித்தபடியே சொன்னாள். "பின்னாடி பொறந்த மூணுக்கும் பேரு இருக்கு. செத்ததுங்க பேர ஒருத்தரும் எழுதல."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அர்த்தம் பார்த்தேன், அழகு பார்த்தேன், அவள் யாருக்குப் பின்னால் பிறந்தவள் என்று பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன், அதுவும் அவள் துக்கத்துக்குள்.

"வேணாம்மா. வேற பேர் பாக்கலாம். ராத்திரிக்குள்ள சொல்றேன்."

"இருக்கட்டும் அண்ணி. இவ என்ன பண்ணுவா? இவளுக்குன்னு ஒரு பேரு வேணுமில்ல." சட்டையை ஓரமாக வைத்தாள். "அதுங்களதான் நெனச்சிக்கினு இருக்கேன்."

மறுநாள் கோயில் அலுவலகத்தில் உபதேசியார் அமலநாதன் எமிமாவை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது லினெட், பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டு ஒன்று கேட்டாள். ஈனெஸுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'யோபுவின் மகள்கள் மூவர். ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

"பேருங்க எழுதலியேம்மா?" என்றார் உபதேசியார்.

"கெடைக்கல ஐயா."

"நம்ம கோயில் பங்கா?"

"இல்லிங்க. தூரம்."

அவர் கேள்வியை அதோடு விட்டுவிட்டுச் சீட்டை வாங்கி வைத்தார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். பூசையின் தொடக்கத்தில் சாமியார் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தார். யாரோ ஒருவரின் முப்பதாம் நாள், யாருக்கோ விசா கிடைத்ததற்கு நன்றி. பிறகு, யோபுவின் மகள்கள் மூவர். சாமியார் ஒரு நொடி நிறுத்தி, சீட்டை மறுபடி பார்த்து, அடுத்ததற்குப் போனார். மிக்காயேல் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பெஞ்சில், லினெட்டுக்கு அந்தப்பக்கம், கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த ஆயம்மா என்கிற வயதான பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்பின் பழக்கமில்லை. பெஞ்சில் உட்காரும்போது ஊரும் பேரும் சொன்னதோடு சரி. அந்தச் சீட்டை வாசித்தபோது லினெட் சிலுவை போட்டதைப் பார்த்திருப்பாள்போல, அவள் பக்கம் சாய்ந்தாள்.

"உங்க ஆளுங்களாம்மா? மூணுமா?"

"ஒரே நாள்ல" என்றாள் லினெட்.

"ஐயோ மாதாவே. பேரென்ன? சொன்னா ஜெபமாலைல சேத்துக்குவேன்."

லினெட் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூத்தவ ஈனெஸ்" என்றாள். "மத்த ரெண்டு பேரு தெரியலம்மா."

"ஈனெஸ்" என்று ஆயம்மா சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்து, ஒரு மணியைப் பிடித்து, கண்ணை மூடினாள். லினெட் அந்த உதடுகள் அசைவதைப் பார்த்தபடியே இருந்தாள்.