முகமூடியை யார் மாட்டுவது?

ஹாக்கி ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்க கமருதீனுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் தெரியும். ஈப்போ சிலிபினில் உள்ள தன் நாசி கண்டார் சோற்றுக்கடையின் பின்வாசலுக்கு வரச் சொல்வார். நிறைந்த கேஸ் சிலிண்டர் தோம்பைக் காட்டி, "மாடிக்குத் தூக்கு" என்பார். தூக்கியவன் வீரன். கடை வேலையும் ஓசியில் முடிந்தது. ஈப்போ அணியின் நிர்வாகி என்று சட்டையில் பெயர் பொறித்துக்கொண்டவருக்கு ஹாக்கியைப் பற்றி அவ்வளவுதான் ஞானம்.

சன்னாசி அப்படித் தேறியவன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். மட்டையைக் கடப்பாரை போலப் பிடிப்பான்.

"இது ஹாக்கிலா அண்ணே, வீடு மாத்துற வேலை இல்ல," என்றாள் பயிற்சியாளர் ஷாமினி. ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவள்.

"நீங்க எடுத்த சுரேன் மட்டும் என்ன? காத்தடிச்சா கமுந்திங்ல போயி விழுவான். முடிக்கு ஜெல் தடவவே அரை நாள் வேணும் அவனுக்கு."

கமுந்திங் அணியோடு கடைசி லீக் ஆட்டம். சமன் செய்தாலே ஈப்போவுக்குக் கோப்பை. ஆட்டத்துக்கு முன் கமருதீன் திடலோரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"கோப்பை வந்தா அடுத்த வருஷம் ஆள நீங்களே எடுங்க கோச், நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா வேற எடம் பாத்துக்குங்க."

சுரேன் மூன்று பேரைப் பொம்மைகளாக்கிவிட்டுக் கோல் போட்டான். போட்ட பிறகு கூட்டத்தை நோக்கி முத்தம் விட்டான். அது இல்லாமல் அவனுக்குக் கோல் செரிக்காது.

கமருதீனின் நச்சரிப்புத் தாங்காமல் ஷாமினி சன்னாசியை இறக்கினாள். இறங்கிய வேகத்தில் எதிராளியை இடித்துத் தள்ளினான். பச்சை அட்டை. அவன் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு நிமிடத்தில் கமுந்திங் பதில் கோல் போட்டுச் சமன் செய்தது.

"நல்லா இருக்கா அண்ணே ஒங்க லோரி?" என்றாள் ஷாமினி, திரும்பிப் பார்க்காமலே.

சன்னாசி மறுபடி உள்ளே போனான். ஆட்டம் முடியும் நேரத்தில் கமுந்திங்குக்குப் பெனால்டி கார்னர். அடிப்பவனை நோக்கி ஒருவன் முகமூடியோடு முதலில் பாய வேண்டும். அது சுரேன் வேலை. ஆட்களில் வேகமானவன் அவன்தான். சுரேன் அடிக்கப் போகிறவனின் அகன்ற தோளைப் பார்த்தான். வலது தொடையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இழுத்துக்கிச்சு!"

கார்னர் முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. கோல் விழுந்தால் கோப்பையும் போச்சு, ஷாமினியும் வெளியே. விதிப்படி மற்றவர்களோடு நடுக்கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சன்னாசி திரும்பி வந்தான். சுரேன் கையிலிருந்த முகமூடியைப் பிடுங்கினான்.

"தள்ளு மச்சான்."

பந்து தள்ளப்பட்டது. சன்னாசி மட்டையைத் தரையோடு நீட்டி நேராக ஓடினான். கமுந்திங்காரன் அடித்த பந்து அவன் மட்டையில் படவில்லை, அது அவன் பழக்கமில்லை. தொடையில் பட்ட சத்தம் பார்வையாளர் வரிசைவரை கேட்டது. முழங்காலுக்கு மேல் பட்டதால் அது ஆபத்தான அடி என்று பந்து ஈப்போவுக்குக் கிடைத்தது. நடுவர் கடைசி விசில் ஊதினார். ஆட்டம் சமன்.

கமருதீன் கோப்பையைத் தன் குழந்தை போலத் தூக்கிக்கொண்டார். "பாத்தீங்களா கோச்? நான் எடுத்த ஆளு! அடுத்த வருஷம் பதினோரு சன்னாசி!"

"கோலு யாரு போடுவா? ஒங்க தோம்பா? இப்பத்தான் வாயத் தொறக்க மாட்டேன்னீங்க."

"அது வந்து... உடம்ப எடைபோட எனக்குத்தான்லா தெரியும்."

ஷாமினி, வேர்வை சொட்டும் முகமூடியை அவர் முன் நீட்டினாள். "கோல்ல போய் நில்லுங்க. ஒரே பந்து, நான் அடிக்கிறேன். நகராம நின்னுட்டா நீங்களே ஆள எடுங்க."

கமருதீன் அவள் மட்டையைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். தொடையில் ஐஸ் பொட்டலம் வைத்துப் படுத்திருந்த சன்னாசியைப் பார்த்தார்.

"கடையில கூட்டம்லா," என்று காருக்கு நடந்தார். கோப்பையை மட்டும் விடவில்லை.

"சன்னாசி, வலி போனதும் பந்த நிறுத்தப் பழகு. நீ அணியில இருக்க," என்றாள் ஷாமினி. பிறகு முகமூடியைச் சுரேன் மடியில் எறிந்தாள். "நீயும் இருக்க. நாளையிலேருந்து தினமும் இதை மாட்டிக்கிட்டு முன்னால ஓடணும்."

"அக்கா, தொடை இன்னும் வலிக்குது..."

இந்த முறை அவன் கை இடது தொடையில் இருந்தது. முதலில் சிரித்தவன் சன்னாசி.