தணிகாசலம், முழு சிக்னல்

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். மாடி வீட்டு ஹமீது பாயின் இணைப்பு அதில் இல்லை. கீழ்வீட்டுப் பல் டாக்டரின் இணைப்பு இல்லை. எங்கள் வீட்டு இணைப்பும் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது. தணிகாசலம். முழு சிக்னல். பக்கத்தில் ஒரு பூட்டு.

எனக்கு எரிச்சலாக வந்தது. புது வைஃபை கார்டு வாங்கி முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

லேப்டாப் பழையது. அதற்குள் இருந்த வைஃபை போன வருடமே செத்துவிட்டது. பக்கவாட்டில் செருகிக்கொள்ளும் கார்டு ஒன்று வந்திருக்கிறது, வாயுமித்ரா என்று பெயர், அருமையாக வேலை செய்கிறது என்று ஆபீஸில் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அதை வாங்கியிருக்கவில்லை. நான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வேலை செய்தாக வேண்டும். என் மகள் நித்திலா நார்வேயில் மீன்களைப் பற்றிப் படிக்கிறாள். மின்வாரியத்தில் கிடைத்த வேலையை உதறிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் மீனே வாங்குவதில்லை. புறப்பட்ட அன்று, இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்காத பெண் என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு பேச்சை மட்டும் எட்டு மாதமாக அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் போன் நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் தன் அம்மாவுக்கு மெயில் அனுப்பியிருந்தாள். மூன்றே வரி. ஞாயிறு பதினோரு மணிக்கு வீடியோவில் வருகிறேன். அப்பா முகத்தைக் காட்டினால் பேசுகிறேன். இல்லையென்றால் இனிமேல் கூப்பிட மாட்டேன்.

அவளிடம் சொல்ல எனக்கும் ஒரு வரிதான் இருந்தது. தப்பு என் மேலதான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகி வைத்திருந்தேன். நான்காவது நாள் நன்றாகவே வந்தது.

பூட்டைத் திறக்கப் பார்த்தேன். என் பிறந்த தேதியைப் போட்டேன். தவறு என்றது. கல்யாணத் தேதியைப் போட்டேன். தவறு என்றது. பிறகு அதுவே ஒரு கேள்வி கேட்டது. தணிகாசலத்தை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்? ஐம்பத்தெட்டு என்று போட்டேன். போதாது என்றது.

அழைப்பு மணி அடித்தது. ஹமீது பாய் நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் ஹால் பக்கமாவே இருக்கீங்களா? நீங்க சமையல்கட்டுக்குப் போனா எங்க வீட்ல சுத்துது."

"என்ன பாய் சுத்துது?"

"டிவி, போன் எல்லாமேதான். உங்க பேர்லதானே ஓடுது."

"என் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பில்டிங்ல எல்லாருக்கும் குடுத்துருக்காங்க."

என் மனைவி செண்பகம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கேட்டாங்க, குடுத்தேன். அக்கம்பக்கத்துல ஒண்ணு கேட்டா இல்லேங்க முடியுமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கே தெரியும்னு நெனச்சேங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் நான்கு எழுத்துத் தட்டினாள். பூட்டு திறந்தது. என்ன தட்டினாய் என்று கேட்டேன். "விடுங்க, அதத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க" என்று அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டாள்.

நெட் வந்தது. எனக்கு லேசாகக் காது அடைத்தது. கேமராவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். நெட் போய்விட்டது. எழுந்து நகர்ந்தேன், வந்தது. உட்கார்ந்தேன், போனது. ஒன்பது முறை செய்து பார்த்தேன். ஏழாவது முறை மாடியிலிருந்து ஹமீது பாயின் மகன் கத்தினான். ஒன்பதாவது முறை பல் டாக்டர் வந்து, தயவுசெய்து நிறுத்துங்கள், ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி இருக்கிறார் என்றார்.

சனிக்கிழமை சேவை மையத்துக்குப் போனேன். அம்பத்தூரில், இரண்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. படி ஏறியபோது கணக்கு சரியாகவே வந்தது.

உள்ளே ஒரு நீண்ட நடை. அதன் கோடியில் ஒரு கவுண்ட்டர். நடையின் இரண்டு சுவரிலும் வாடிக்கையாளர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி ஒட்டியிருந்தார்கள். அனுபவம் எழுதி ஒட்டாமல் யாரும் கவுண்ட்டருக்குப் போகக் கூடாது. ஒரு தாள் ஒட்டினால் சுவர் ஒரு சாண் நீளும். எனக்கு முன்னால் நாற்பது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். கவுண்ட்டர் மெல்ல மெல்லத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

நடந்தபடியே படித்தேன்.

"நான்கு நட்சத்திரம். நல்ல வேகம். என் கணவர் செவ்வாய்க்கிழமை முதல் பீரோ மேல் இருக்கிறார். மற்றபடி குறை இல்லை."

"இரண்டு நட்சத்திரம். மழை பெய்தால் மாமனார் விட்டு விட்டு வருகிறார்."

"ஒரு நட்சத்திரம். என் தம்பி எங்கள் வீட்டில் கிடைப்பதே இல்லை. எதிர் வீட்டில் நன்றாகக் கிடைக்கிறார்."

"ஐந்து நட்சத்திரம். அட்டைப்பெட்டி அழகாக இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை."

ஓர் இடத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சிறிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி சுவரோரம் நின்றிருந்தார்.

"லோடிங்ல இருக்காரு. தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்.

"எவ்வளவு நேரமாம்மா?"

"தொண்ணூத்தொம்பதுக்கு வந்துட்டாரு. அப்படியே நிக்குது. புதன்கிழமைலேருந்து."

நான், அனுபவம் சரியில்லை என்று இரண்டே வார்த்தை எழுதி ஒட்டினேன். சுருக்கமாக எழுதும் பழக்கம் ஆபீஸில் வந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குக் கவுண்ட்டரைப் பிடித்தேன். அங்கிருந்தவரின் சட்டையில் தீனதயாளன் என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் தன் போனை எடுத்துப் பார்த்து, "ஃபுல் சிக்னல் சார்" என்று சந்தோஷப்பட்டார்.

"அதான் பிரச்சனை" என்றேன்.

"கார்டு வாங்குனதும் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன். புதுசா ஒரு சாமான் வந்தா வெக்கிறதுதானே."

"சந்தனமா, குங்குமமா?"

"ரெண்டும்."

"முதல்ல எதுக்கு வெச்சீங்க?"

"கார்டுக்கு."

"அப்புறம்?"

"விரல்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. என் நெத்தில வெச்சுக்கிட்டேன்."

தீனதயாளன் பேனாவைக் கீழே வைத்தார். "அதே விரல்லயா?"

"ஆமா."

"அப்ப நீங்கதான் சார் கார்டு. அது சும்மா பிளாஸ்டிக். எல்லாரும் இதேதான் பண்றாங்க. பெட்டிலயே போட்டுருக்கோம், யாரும் படிக்கிறதில்ல."

பெட்டியை எடுத்துக் காட்டினார். மிச்சத்தைத் துணியில் துடைக்கவும் என்று அச்சடித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நித்திலாவைப் பற்றிச் சொன்னேன். நாளைக்குப் பதினோரு மணி, முகம், எட்டு மாதம், எல்லாம் சொன்னேன். அவர் பாதியில் குறுக்கிடாமல் கேட்டார்.

"கார்டு படத்துல வரக்கூடாது சார். வந்தா லைன் கட் ஆயிடும். எந்த வீட்லயாவது கார்டு முகம் காட்டிப் பாத்துருக்கீங்களா?"

"குரலாவது போகுமா?"

"அடுத்தவங்க குரல்தான் சார் உங்க வழியா போகும்."

"அப்ப என்னைக் கழட்டிடுங்க."

"தாராளமா. ஆனா கழட்டிட்டா நெட் இருக்காது. பில்டிங்லயே இருக்காது, எல்லாத்தையும் நீங்கதான் இழுத்து வெச்சிருக்கீங்க. முகம் இருக்கும், பாக்க ஆள் இருக்காது. எப்படி வசதி?"

பெட்டியில் அச்சடித்திருந்ததை இன்னொரு முறை படித்தேன்.

"உயரமா ஒரு இடத்துல உக்காருங்க. ஒரு கையைத் தூக்கி வெச்சுக்குங்க. படம் சுத்தமா வரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார். நாலு போட்டாக்கூட என்னை இங்கேருந்து இன்னும் உள்ள தள்ளிடுவாங்க."

எட்டிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் நடை போய்க்கொண்டே இருந்தது. ஐந்து போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு ஸ்டூல் போட்டு ஹால் பரண் மேல் ஏறினேன். பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய டேபிள் ஃபேனுக்கும் நடுவே குந்திக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். செண்பகம் கீழே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். "இருக்கட்டுங்க, காலியா இருந்தாலும் உங்களுதுன்னு தெரியட்டும்" என்றாள்.

பதினோரு மணிக்கு நித்திலா வந்தாள். முதலில் எனக்குள் வந்தாள். வலது கை வழியாக இறங்கி, தோளைக் கடந்து, பிறகுதான் கீழே லேப்டாப்பில் தெரிந்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள்.

"அம்மா."

"கண்ணு, சாப்டியா?"

"இப்பதாம்மா எழுந்தேன். அப்பா எங்க?"

"இங்கதான் இருக்காரு."

"நாற்காலிதான் தெரியுது."

"வீட்லதான் கண்ணு இருக்காரு. பரண் மேல."

நித்திலா திரைக்குக் கிட்டே வந்தாள். "நான் வருவேன்னு பரண்ல ஏறிட்டாரா?"

"அப்படியில்லம்மா. அவரு எறங்குனா நெட் போயிடும்."

"அம்மா, எதுக்கும்மா இப்பவும் அவருக்கு வக்காலத்து வாங்குற?"

தப்பு என் மேலதான் என்று பரணிலிருந்து சொன்னேன். கத்திச் சொன்னேன். செண்பகத்துக்குக் கேட்டது. ஹமீது பாய்க்குக் கேட்டது, மேலே நாற்காலி நகரும் சத்தம் வந்தது. நித்திலாவுக்கு மட்டும் கேட்கவில்லை, புருவம்கூட அசையவில்லை.

"தப்பு அவரு மேலதானாம், சொல்றாரு" என்றாள் செண்பகம்.

"அவரு சொல்லமாட்டாரும்மா. நீயா சொல்ற."

எனக்குப் பொறுக்கவில்லை. கையை இறக்கினேன், ஸ்டூலில் கால் வைத்தேன், குதித்தேன், முழங்கால் வலித்தது, நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். திரையில் நித்திலாவின் முகம் பாதிக் கண் மூடிய நிலையில் நின்றது. நான் அந்த முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். பழகியபடி நன்றாகவே வந்தது. பிறகு திரை கறுப்பாகிவிட்டது. மாடியில் யாரோ ஐயோ என்றார்கள்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றாள் செண்பகம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஏறினேன். கையைத் தூக்கினேன். நித்திலா மறுபடியும் எனக்குள் வந்து, தோளைக் கடந்து, இறங்கினாள்.

"கட் பண்ணிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. உன்னப் பாக்கத்தான் எறங்குனாரு."

நித்திலா காலியாக இருந்த நாற்காலியையே பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். அவள் சின்ன வயதில் வீம்பு பிடிக்கும்போது தாடையை முன்னால் தள்ளுவாள். இப்போதும் தள்ளினாள். அது என்னிடமிருந்து போனது.

"சரிம்மா. ஒண்ணு பண்றேன். லைன் இருக்கற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன். அவரு எப்ப வேணா வந்து அந்த நாற்காலில உக்காரட்டும். ஆனா இன்னொரு தடவ கட் ஆச்சுன்னா, அவருக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் கூப்பிடமாட்டேன்."

செண்பகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நித்திலா ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். செண்பகம் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். அங்கே வெயில் வருமா என்று இவள் கேட்டாள். அவரைக்காய்ப் பொரியலா என்று அவள் கேட்டாள். மீன்கள் தூங்கும்போதும் கண்ணை மூடுவதில்லை என்று சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முதலில் தெரிந்தது. செண்பகம் இன்னொரு தட்டிலும் சோறு போட்டு, நாற்காலிக்கு நேராக மேஜையில் வைத்தாள்.

"இன்னும் வரலியே" என்றாள் நித்திலா.

"வருவாரும்மா."

"நெட்டு மட்டும் இன்னைக்கு சூப்பரா இருக்கும்மா. இவ்ளோ சுத்தமா உன் முகத்தப் பாத்ததே இல்ல."

இரண்டு மணிக்குக் கை மரத்துப்போனது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நித்திலா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் போகவில்லை. நான் கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினேன்.