சோப்பு ஆறு

வகுப்பில் ஒரு கடை இருந்தது. வாத்தியார் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, காலி டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தார். சோப்பு ஆறு, பேஸ்ட் எட்டு, குடை பதினைந்து. ஒருவர் விற்க வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும். இந்த நாட்டு மொழியில் பேசிப் பழகத்தான். ஐந்து மாதமாக அதே டப்பா, அதே சீட்டு.

என் ஜோடி கேன்டீன் அக்கா. தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். எப்போதும் அவள் விற்பாள், நான் வாங்குவேன். சீட்டைப் பார்க்காமலே விலை சொல்வாள். முதலாளிக்கு எதற்குச் சீட்டு என்று கேலி வேறு. நிஜக் கடையில் எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். சில்லறையை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம்.

நேற்று தேர்வு. தேறாவிட்டால் வேலை அனுமதியை நீட்டிக்க மாட்டார்கள். எனக்கு அடுத்த மாதம் முடிகிறது. அக்காவுக்கு அதற்கடுத்த மாதம். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஊருக்குத் திரும்பிப் போனால் என்னை எதிர்பார்த்து ஒரு நாற்காலிகூட இல்லை. கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி கட்டிவிட்டு நேரே வந்திருந்தேன். இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன்.

அனுமதி அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினாள். சோப்பு ஒன்பது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம். சொந்த மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் முறை வந்தது. சோப்பை எடுத்து என்ன விலை என்று கேட்டேன்.

ஆறு என்றாள், சிரித்த முகமாக.

அப்போதுதான் விளங்கியது. ஐந்து மாதத்தில் அவள் எண்களைக் கற்கவே இல்லை. ஆறு என்பது சோப்போடு சேர்ந்து வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பேசாமல் ஆறை நீட்டினால் எனக்கே சீட்டைப் படிக்கத் தெரியாது என்று ஆகும். ஒன்பது என்றால் அவள் காலி. அந்த அம்மாளின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

இதில் ஒன்பது என்று போட்டிருக்கிறது என்றேன். முழு வாக்கியம். ஒரு பிழை இல்லை.

அக்கா சீட்டைப் பார்த்தாள். அவசரமாகப் பேஸ்டை எடுத்து எட்டு என்றாள். அதில் பதினொன்று போட்டிருந்தது. பேனா ஓடியது.

மதியம் பட்டியல் ஒட்டினார்கள். நான் இருந்தேன். அவள் இல்லை.

வாசலில் குடையை விரித்தபடி சொன்னாள்: "நீ செஞ்சது தப்பில்ல தம்பி. பயந்தவன் வேற என்ன செய்வான்? என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்."

நான் அப்போதும் பார்க்கவில்லை.

அறைக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்தேன். அறையில் சோப்பு தீர்ந்திருந்ததால் ஒன்று எடுத்துக்கொண்டேன். கல்லாவில் இருந்த பெண் விலை சொன்னாள். சின்ன எண்தான், நன்றாகத் தெரிந்த எண்தான். காதில் ஏறவில்லை. மறுபடி சொன்னாள். பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் சில்லறையை வைத்து நீட்டினேன். வேண்டியதை அவளே எடுத்துக்கொண்டாள்.