மீதிக் கட்டணம்

வங்கியிலிருந்து வந்த அறிவித்தலைத் திறந்து, பணம் அனுப்பியவரின் பெயரைப் படித்த மதுஷிகா, கையிலிருந்த ஸ்டேப்ளரைத் தன் இடது பெருவிரலில் அழுத்தினாள். வேண்டுமென்று செய்தாளா, கை தவறியதா என்று அவளுக்கே தெரியாது. கம்பி நகத்தோரத்தில் ஏறி நின்றது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அந்தப் பெயரைப் படித்தாள். ஆரோக்கிய மாதா என்டர்பிரைசஸ், இராமேஸ்வரம்.

மன்னார் மீன் சந்தைக்குப் பின்தெருவில் இருந்த சிறிய ஆய்வு நிலையமொன்றில் அவளுக்கு வேலை. கரையோர மக்களின் வாழ்வு பற்றி அங்கே இரண்டு நாள் ஆய்வரங்கு நடத்தப்போகிறார்கள். ஐம்பது பேர்கூடத் தேறாது. ஆனாலும் சர்வதேச ஆய்வரங்கு என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் நிலையத்தின் பொறுப்பாளர் செல்வநாயகம் சேர். பாரம் முழுவதும் மதுஷிகாவின் தலையில். பதிவு, விசாக் கடிதம், சைவமா அசைவமா, கட்டணம் எல்லாம் அவள்தான். அதிலும் வெளிநாட்டுக் கட்டணம் பெரிய தலையிடி. ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை முழுத் தொகையை அனுப்பினால், வழியிலுள்ள வங்கிகள் ஆளுக்கொரு கிள்ளுக் கிள்ளிக்கொண்டு, மன்னாருக்கு வரும்போது பணம் காய்ச்சல்காரனைப்போல மெலிந்து வரும். குறைந்ததை நேரில் வந்து கட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பணிவாக எழுதவேண்டும். 'அன்புடையீர்' என்று தொடங்கும்போதே அவளுக்கு எதிரிலிருப்பவரின் கழுத்தை நெரிக்கலாம்போல வரும். கடலைப் பற்றிப் பேச விமானம் ஏறி வருகிறவர்களுக்குத் தன் வீட்டுக்குக் கடல் என்ன செய்தது என்று தெரியாது என்பதுதான் அவளுடைய கோபம்.

அவளுடைய தம்பி அன்ரனி இரண்டு வருடங்களுக்கு முன் செத்துப்போனான். தங்கள் ஊரான தாழ்வுபாட்டிலிருந்து அண்ணன் றெனால்டும் அவனும் வலை போடப் போயிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பெரிய இழுவைப் படகொன்று, ஊரில் றோலர் என்பார்கள், வலையை அறுத்துக்கொண்டு இவர்களுடைய படகின்மேல் ஏறிப் போனது. றெனால்ட் ஒரு வெற்று எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். அவனுடைய டோர்ச் வெளிச்சத்தில் அந்த றோலரின் முன்புற அணியத்தில் எழுதியிருந்த பெயர் தெரிந்தது. சிங்களத்தில் எழுதியிருந்தால் அவனுக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது. தன் தாய்மொழியில், தான் தினமும் செபம் சொல்லும் மாதாவின் பெயரில், அது எழுதியிருந்தது. அன்ரனி பிறகு வங்காலைக் கரையில் ஒதுங்கினான். முகத்தை மீன் தின்றிருந்தது. கழுத்தில் சதைக்குள் புதைந்துகிடந்த, மாதாவின் துணிப் பதக்கமான உத்தரியத்தின் கயிற்றை வைத்துத்தான் மதுஷிகா அவனை அடையாளம் காட்டினாள். அன்றிலிருந்து றெனால்ட் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் எதையாவது உடைத்தான். உடைக்க ஒன்றும் இல்லாத நாளில் சுவரில் தன் கையை உடைத்தான்.

இப்போது அந்தப் பெயர் பணம் அனுப்பியிருக்கிறது. பதிவு செய்திருந்தவன் சகாய ஆல்வின் என்ற ஆராய்ச்சி மாணவன். பதிவு செய்தவர் ஒருவர், பணம் அனுப்பியவர் வேறொருவர் என்றால், அனுப்பியது யார், என்ன உறவு, என்ன தொழில் என்று ஒரு கடிதம் வாங்கவேண்டும். அது நிலையத்தின் ஒழுங்கு. ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும். மதுஷிகா கேட்கவில்லை. ஆரோக்கிய மாதா என்ற பெயரில் தாழ்வுபாட்டுக் கரையிலேயே நாலைந்து படகு கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அக்கரையில் எத்தனை கிடக்கும் என்று சொல்லவும் வேண்டாம். கேட்டால், அது வேறு மாதா என்று பதில் வந்துவிடும். அதனால்தான் அவள் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கோபத்தை வைக்க இடமில்லாமல் சுமந்து திரிந்தவளுக்கு ஒரு முகவரி கிடைத்திருந்தது. அதைத் தொலைக்க அவள் தயாராக இல்லை.

"அந்த இந்தியப் பொடியன்ர காசு வந்திட்டுதோ பிள்ளை?" என்று செல்வநாயகம் சேர் தன் அறையிலிருந்து கேட்டார். "அனுப்பினது ஆரெண்டு பார்த்தனீங்களோ?"

"ஓம் சேர். எல்லாம் சரி."

பதிவு உறுதியானது என்று ஆல்வினுக்கு எழுதினாள். வங்கி கழித்த மீதியை மறக்காமல் கொண்டுவரும்படி எழுதினாள். பிறகும் எழுதினாள். மற்றவர்களுக்கு ஒரு தடவை எழுதியதை அவனுக்கு மாத்திரம் திரும்பத் திரும்ப எழுதினாள். அவன் ஒவ்வொரு தடவையும், 'கண்டிப்பா கொண்டு வர்றேன் அக்கா' என்று பதில் போட்டான். அந்த 'அக்கா' என்ற சொல்லைக் கண்டபோதெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. தன்னை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான்.

வீட்டில் றெனால்டிடம் சொன்னபோது அவன் கோடாலிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். செதுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த போட் அவன்ரயோ?"

"அவன்ர ஆக்களின்ர கொம்பனி. அந்தப் பேர்தான்."

"வடிவாத் தெரியுமோ உனக்கு, சந்தேகமில்லாம?"

மதுஷிகா அண்ணனின் கையைப் பார்த்தாள். சுவரில் உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்த விரல்கள்.

"தெரியும்," என்றாள்.

"எப்ப வாறான்?"

அவள் நாளையும் இடத்தையும் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்பு நாடாவில் பெயரட்டை என்பதையும் சொன்னாள். கோடாலியைக் கொண்டுவராதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆய்வரங்கு நடந்த மண்டபத்தின் வாசலில் பதிவு மேசை. கேற்றுக்கு வெளியே, மன்னார்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகள் அழைப்பிதழ் இல்லாமல் நின்றன. ஆல்வின் நடந்து வந்தான். மெலிந்தவன், சட்டையின் கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தான். அன்ரனியின் வயதுதான் இருக்கும். அதை அவள் கவனிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"மதுஷிகா அக்காங்களா? நான்தாங்க ஆல்வின். ரொம்ப மெயில் போட வச்சிட்டேன், சாரிக்கா. அந்த மீதியை இப்பவே குடுத்துடட்டுமா?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். "பிறகு பார்ப்பம்," என்றாள். அவன் இரண்டு கையிலும் பையும் குடையும் வைத்திருந்தான். பெயரட்டையை வாங்கக் கையில்லாமல் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். மதுஷிகா எழுந்து, சிவப்பு நாடாவை அவன் கழுத்தில் தானே போட்டுவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் றெனால்ட் கேற்றால் உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை. கதிரை, மேசை அடுக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். நேரே ஆல்வினிடம் போய், அட்டையைக் கையிலெடுத்துப் பெயரை வாசித்து, அந்த நாடாவைக் கைக்குள் சுருட்டி முறுக்கினான். தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. முதல் குத்தில் மூக்கு உடைந்த சத்தம் பதிவு மேசைவரை கேட்டது. ஆல்வின் கையை உயர்த்தினான். றெனால்ட் அந்தக் கையைப் பிடித்துத் தூணோடு சேர்த்து அடித்தான். விழுந்தவனை நாடாவால் இழுத்து நிமிர்த்தி மறுபடி அடித்தான். ஜெர்மன் பேராசிரியை அலறினார். செல்வநாயகம் சேர், "டேய், டேய்" என்று சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

மதுஷிகாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்லமுடியாது. ஒவ்வொரு அடியும் விழ, நெஞ்சுக்குள் கிடந்த ஒரு கல் கொஞ்சம் அசைந்தது. இன்னும் அடி என்று வாய்க்குள் சொன்னாள்.

"உங்கட போட்டுத்தானடா! என்ர தம்பிக்கு மேலால ஏத்தினது உங்கட ஆரோக்கிய மாதாதானடா!"

"போட்டா?" ஆல்வின் இரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னான். "எங்களுக்குப் போட்டே இல்லண்ணே. மாமா ஐஸ் பேக்டரி வச்சிருக்காரு. ஐஸுண்ணே, வெறும் ஐஸு!"

றெனால்டின் கை நின்றது. அவன் திரும்பி மதுஷிகாவைப் பார்த்தான். அவ்வளவு பேருக்கு நடுவில் அவளை மட்டும் பார்த்தான். வடிவாத் தெரியுமோ என்று அன்றைக்குக் கேட்டானே, அதே கேள்வி அந்தப் பார்வையில். அவள் வாய் திறந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் திறக்கவில்லை. றெனால்ட் திரும்பி, அந்தச் சிவப்பு நாடாவை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். ஆல்வினின் கால் நிலத்தில் உதைத்தது. நாடா சதைக்குள் இறங்கி மறைவதைக் கண்டபோதுதான், வங்காலைக் கரையில் பார்த்த கழுத்து அவள் கண்ணுக்குள் வந்தது. மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "விடு அண்ணா! விடு! எனக்குத் தெரியாது, எனக்கு ஒண்டும் தெரியாது!" என்று அவன் முதுகில் குத்தினாள், கையைக் கடித்தாள். பிறகுதான் மற்ற ஆண்களுக்கும் கைகால் இருப்பது நினைவு வந்து ஓடிவந்தார்கள். பொலிஸ் வரும்வரை றெனால்ட் ஓடவில்லை. உடைந்த கோப்பைகளுக்கு நடுவில் குந்தியிருந்து, தங்கை கடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆல்வினின் புருவத்திலும் உதட்டிலும் தையல் போட்டார்கள். கை உடைந்திருந்தது. கழுத்தைச் சுற்றி நாடா இருந்த இடம் கருநீலமாகக் கிடந்தது. அவள் 'அண்ணா' என்று கத்தியதை ஆல்வினின் 'அண்ணே' போலத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பங்குபற்றுநர்களின் கடவுச்சீட்டுப் பிரதிகள் அவளிடம் இருந்ததால் செல்வநாயகம் சேர் அவளைத்தான் அனுப்பினார். வாசலில் ஒரு சார்ஜன்ட் வாக்குமூலம் எடுக்கக் காத்து நின்றார்.

"அக்கா," என்று ஆல்வின் கூப்பிட்டான். வீங்கிய வாயால் சொல் தெளிவாக வரவில்லை. "என்னைய அடிச்சவரோட தம்பி செத்தது நெசமா?"

"ஓம்."

"பேரு என்னக்கா?"

"அன்ரனி."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். "எங்க கரையில பாதிப் போட்டுக்கு ஆரோக்கிய மாதான்னுதான் பேரு," என்றான். "மாமா எல்லாத்துக்கும் ஐஸ் போடுவாரு. அந்தப் போட்டுக்கும் போட்டிருப்பாரு. எனக்குத் தெரியாதுக்கா."

அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அழ வெட்கமாகவும் இருந்தது. அவனை அனுப்பியது நான்தான் என்று இப்போதே சொல்லிவிடலாம். அதைச் சொன்னால் றெனால்டோடு தானும் போகவேண்டும். சொல்லாவிட்டால் றெனால்ட் தனியே போவான், அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டான்.

ஆல்வின் நல்ல கையால் காற்சட்டைப் பையைத் துழாவி, மடித்த இலங்கைத் தாள்களை எடுத்து நீட்டினான். ஓரம் நனைந்து சிவந்திருந்தது.

"மீதி. மெயில்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல."

"வேண்டாம். வேண்டாம் தம்பி, வையுங்கோ."

தம்பி என்ற அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவள் பிறகுதான் உணர்ந்தாள்.

"இல்லக்கா, வாங்கிக்கங்க. மாமா கடன் வாங்கித்தான் அனுப்பினாரு. முழுசாக் கட்டுனதுக்கு ரசீது காட்டணும் அவருக்கு. அவரு கம்பெனி பேர்லயே போட்டுருங்க."

பற்றுச்சீட்டுப் புத்தகம் அவளுடைய பையில்தான் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அதை விரித்து வைத்தாள். ஸ்டேப்ளர் ஏறிய பெருவிரல் சீழ் பிடித்து இன்னும் ஆறவில்லை, தாளை அழுத்திப் பிடிக்க வலித்தது. 'இவரிடமிருந்து' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே, ஆரோக்கிய மாதா என்று தன் கையாலேயே எழுதினாள். தொகையை எழுதினாள். சார்ஜன்ட் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அடிச்சவனை உங்களுக்குத் தெரியுமோ தங்கச்சி?"

ஆல்வின் தையல் போட்ட உதட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனையின் முனை, 'பெற்றுக்கொண்டவர்' என்ற சொல்லுக்கு மேலே அவள் கையெழுத்திடவேண்டிய வெறும் கோட்டில் நின்றது. மை ஊறி, அந்தப் புள்ளி மெல்லப் பெருத்தது.