அணைக்கக்கூடாத வண்டி

மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊரில் அர்த்தனாரியின் பிக்கப் வண்டியை ஏழு வருடமாக யாரும் சாவியைத் திருப்பி அணைத்ததில்லை. அவன் மனைவி கோகிலவாணியின் இதயம் அந்த வண்டியின் எஞ்சினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது தொடங்கிய வருடம் மிளகுக்கு நல்ல விலை இருந்தது, அன்னாசிக்கு இல்லை. அர்த்தனாரி கீழே பேளுக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவன். காட்டுக் கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மலையில் வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்து, வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்கு ஓட்டிப் பிழைத்தான். எல்லோரும் ரெண்டு சிலிண்டர் குட்டி வண்டி வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் நாலு சிலிண்டர்தான் வேண்டும் என்று நின்றான். அதை வாங்கிய பிறகு வாயைத் திறந்தால் எஞ்சின் பேச்சுதான். ஒரு டன் வாழையை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவது கியரில் முனகாமல் ஏறும் என்பான். கேபினில் உட்கார்ந்து டீ குடித்தால் ஒரு சொட்டுச் சிந்தாது என்பான். குட்டி வண்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா? டீசலைக் குடிக்கிறது, மூக்கு கனம், சின்ன வளைவில் ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும், டீசல் பீச்சுகிற நாசில் போனால் நாலுக்கும் அழ வேண்டும், சூடு வேறு என்று அடுக்குவார்கள். செம்மேட்டு டீக்கடையில் இந்த வழக்கு வருடக்கணக்காகத் தீர்ப்பில்லாமல் நடந்தது.

கோகிலவாணி ராசிபுரத்துக்காரி, நன்றாகத் தைப்பாள். அர்த்தனாரி கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் எதையும் அவளைக் கேட்டுச் செய்ய மாட்டான். மலைக்குக் குடிபோவதை, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகுதான் அவளிடம் சொன்னான். அவளுடைய தையல் மெஷினை அவள் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து விற்று, வண்டிக்குத் தார்ப்பாயும் கயிறும் வாங்கிப் போட்டான். மெஷின் எங்கே என்று அவள் கேட்டதற்கு, இந்தக் குளிரில் யார் தைக்கக் கொடுக்கப் போகிறார்கள் என்றான். ஒரு வருடம் கழித்து ஒரு காலையில், அவன் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நான் போறேனுங்க. எங்கம்மா ஊட்டுக்கில்ல. எங்கூடத் தையல் பழகுன ரஞ்சிதா ஈரோட்டுல தையக்கடை வெச்சிருக்கறா. அங்க போறேன். திரும்ப வரமாட்டேன்."

அவன் தட்டைப் பார்த்தபடியே தின்று முடித்தான். அன்றைக்குப் பஸ் ரிப்பேர் ஆகி வரவில்லை. நானே எறக்கி உடறேன் என்று வண்டியை எடுத்தான். போகிறவளைப் புருசனே கொண்டுபோய் விடுவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத மரியாதை. அதை அவன் எதற்குச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. வழியில், மலையில் கிராம நர்ஸாக வேலை பார்த்த பிரிசில்லாவும் கை காட்டி ஏறிக்கொண்டாள். அவள் தூத்துக்குடிப் பெண், லீவுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி மலை இறங்கியிருப்பார்கள். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு வளைவில் கோகிலவாணியின் தலை பிரிசில்லாவின் தோளில் சாய்ந்தது. பிரிசில்லா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், நாடி இல்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி மார்பை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் நாடி வந்தது, ஆனால் அவள் படித்திருந்த நாடி இல்லை. வேகமாக, ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக அடித்தது. அர்த்தனாரி பெருமூச்சு விட்டுத் தண்ணீர் எடுக்க வண்டியை அணைத்தான். நாடி நின்றது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் பறக்க ஸ்டார்ட் செய்தான். நாடி வந்தது. பிரிசில்லா காரியத்தில் கெட்டிக்காரி. ஆக்ஸிலேட்டரை லேசாக அமுக்கச் சொன்னாள், நாடி எகிறியது. விடச் சொன்னாள், அடங்கியது.

"அண்ணா, இனிமே வண்டிய ஆஃப் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வண்டியை வார்டு ஜன்னலுக்கு வெளியே ஓடவிட்டு நிறுத்தினார்கள். டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, வேலை மட்டும் செய்யவில்லை. இதயத்துக்கு நாலு அறை, வண்டிக்கு நாலு சிலிண்டர், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு சின்ன டாக்டர் சொல்லிப் பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கினார். ஆனால் பெரிய டாக்டரிடமும் வேறு பதில் இல்லை. ரெண்டு சிலிண்டர் வண்டியாக இருந்திருந்தால் அந்த வளைவோடு கதை முடிந்திருக்கும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். செம்மேட்டு டீக்கடை வழக்கில் முதல் தடவையாக அர்த்தனாரி பக்கம் தீர்ப்பானது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேளுக்குறிச்சியில் அவன் அப்பா வீட்டுக்கு வந்தார்கள். பங்குனி மாதம். வேப்ப மரத்து நிழலில் நின்றபடி ஓடிய வண்டியின் சூடு காட்டும் முள் மத்தியானத்துக்குள் சிவப்பைத் தொட்டது. கோகிலவாணிக்கு உடம்பு கொதித்தது, உதடு வெடித்தது, தண்ணீர் கேட்டாள், குடித்த தண்ணீர் வாந்தியாக வந்தது. அர்த்தனாரி அவளைத் தூக்கிக் கேபினில் படுக்கவைத்து மலைக்கு விரட்டினான். காரவள்ளிக்குப் போகிற சமதள ரோட்டில், மலை தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே, காற்றுப் பட்டு முள் தானாக இறங்கிப் பாதியில் நின்றதை அவன் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கிடந்தாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகு, "கீழ உனக்குத் தாங்காது வாணி. இனி மலைதான்," என்றான். அவள் நம்பினாள், ஊரும் நம்பியது. ரோட்டில் ஓடுகிற வண்டி சூடாகாது, நிற்கிற வண்டிதான் சூடாகும் என்பது எந்த டிரைவருக்கும் தெரியும். அர்த்தனாரிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் சொன்னான்.

அதன்பிறகு கோகிலவாணியின் உலகம் எஞ்சின் சத்தம் கேட்கிற தூரம்தான். தெருக்குழாய் வரை போகலாம், ரேஷன் கடை வரை போகலாம். அதைத் தாண்டிச் சத்தம் தேய்ந்தால் விரல் நுனி குளிர்ந்து, கண் இருட்டிக்கொண்டு வரும். மார்கழியில் பனி இறங்கிவிட்டால் சத்தம் அமுங்கிப்போகும். அப்போது அடுப்படியையும் வாசலையும் தவிர அவளுக்கு வேறு ஊர் கிடையாது. அர்த்தனாரி பெரக்கரை நாட்டுக்கு வாழை ஏற்றப் போனால் அவளும் கேபினில் ஏறித்தான் ஆக வேண்டும். அவளுடைய உயிரே போகும்போது அவள் எங்கே தனியாக இருப்பது? மலைக்குள் ஏற்றி வருவதைச் சபரீஷ் என்கிற பையன் தன் ரெண்டு சிலிண்டர் வண்டியில் மாற்றிக் கீழே கொண்டுபோனான். வழியெல்லாம் அர்த்தனாரி எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவான். யாரிடமிருந்து ஓடிவிட வேண்டும் என்று கிளம்பினாளோ அவன் பக்கத்திலேயே தினமும் உட்கார்ந்து, அவன் காலடியில் தன் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டு போனாள். அவன் ஆத்திரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அவளுக்குப் படபடத்தது. அதைவிடக் கேவலம் ஒன்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு நாசில் அடைத்துக்கொண்டது. மாற்று வரும் வரை ஒரு மாதம் மூணு சிலிண்டரில்தான் அவள் இருந்தாள். இடது கை சில்லிட்டுப்போனது, உப்பு நாக்கில் ஏறவில்லை, ஆட்களின் பெயர் மறந்தது. மெக்கானிக் இளங்கோ வந்து ஓடுகிற எஞ்சினிலேயே கையை விட்டு மாற்றினான். ஒன்று போனாலும் மூணு தாங்குகிறது பாருங்கள் என்று அர்த்தனாரி டீக்கடையில் பெருமைப்பட்டதைக் கோகிலவாணி கேபினிலிருந்து கேட்டாள். அவனையும் சும்மா சொல்லக்கூடாது. ஏழு வருடம் அவன் வீட்டுக்குள் படுத்ததில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கினான், சத்தம் ஒரு நூல் மாறினால் விழித்துக்கொண்டான். கேன் கேனாக டீசல் பஸ்ஸில் வந்தது. தங்கை கல்யாணத்துக்கு அவன் போகவில்லை, அப்பா சாவுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு உடனே திரும்பினான். அவள் தன்னை விட்டுப் போகவில்லை என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்காக அவன் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டும் சந்தோஷம் குறையவில்லை.

ஏழாம் வருடம் ஒரு சந்தை நாளில் டீக்கடை முன்னால் பழைய வழக்கு மறுபடி கிளம்பியது. சபரீஷ் கையில் கிளாஸோடு வண்டி மேல் சாய்ந்துகொண்டு, அர்த்தனாரியைச் சீண்டினான்.

"உங்க நாலு சிலிண்டருக்கு நின்னாத்தானுங்கண்ணா சூடு. ஓடிக்கிட்டே இருந்தா கத்திரி வெயில்ல மெட்ராஸ் வரைக்கும் போகுமே. அத இங்க குளிருல நிறுத்தி வெச்சுக்கிட்டு என்னத்துக்கு?"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு வடைக்குக் கையை நீட்டினான். கேபினில் இருந்த கோகிலவாணி மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அர்த்தனாரி குனிந்து முன்பக்க டயரை அமுக்கிப் பார்த்தான். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் அவள் அவனிடம் பேசவில்லை. அந்த மாதம் முழுவதும் எஞ்சின் காரணமில்லாமல் எகிறி எகிறி அடங்கியது. பிறகு ஒரு நாள் அவன் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கு வண்டி ஓட்டப் பழக்கி உடுங்க."

"பழகறப்ப வண்டி ஆஃப் ஆகும் புள்ள. கிளச்ச வெடுக்குனு உட்டா நின்னுபோயிரும். எல்லாத்துக்கும் ஆகும். எனக்கே ஆச்சு."

"செத்தா ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஸ்டார்ட் ஆகலீன்னா?"

"அப்பவும் நான் இந்த மலைய உட்டுப் போயிருப்பேனுங்க."

அவன் தட்டைக் கீழே வைத்தான். ஏனுங்க அன்னைக்கே சொல்லல என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தான். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பான், அழுதால் அவள் இரங்கியிருப்பாள், இரங்கினால் இன்னும் ஏழு வருடம் ஓடியிருக்கும். அது தெரிந்துதான் அவள் கேட்கவில்லை.

தன் வண்டியில் பழகட்டும் என்று சபரீஷ் சாவியை நீட்டினான். தன் வண்டியின் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வண்டியில் பழகினால் அந்த வண்டிக்கான கால்தான் வரும் என்றாள். பள்ளிக்கூட மைதானத்தில் அர்த்தனாரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். பிரிசில்லா லீவு நாளில் வந்து வெளியே நின்றாள். முதல் நாளே வண்டி குலுங்கி நின்றது. கோகிலவாணி ஸ்டியரிங்கில் கவிழ்ந்தாள். அர்த்தனாரியின் கை சாவியில்தான் இருந்தது, அதைத் திருப்ப ஒரு கண நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு கணத்தில் மைதானத்தில் காக்கை கரைவதை எல்லோரும் கேட்டார்கள். ஏழு வருடத்தில் அங்கே அவ்வளவு அமைதி இருந்ததில்லை. எஞ்சின் பிடித்ததும் அவள் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கிளச்சை மிதித்தாள். இரண்டு தடவைக்கு மேல் வண்டி நிற்கவில்லை. நாலு சிலிண்டரில் ஒரு சௌகரியம் உண்டு, ஆக்ஸிலேட்டர் இல்லாமலே கிளச்சை மெதுவாக விட்டால் போதும், தானாக நகரும். தெரியாத காலை அது பொறுத்துக்கொள்ளும். குட்டி வண்டியாக இருந்தால் அந்த வாரத்திலேயே அவளுக்குப் பத்துச் சாவு வந்திருக்கும் என்று சபரீஷே ஒப்புக்கொண்டான்.

தை மாதத்தில் அவள் மலை இறங்கினாள். அர்த்தனாரி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். சின்ன வளைவுகளில் நிறுத்தி, பின்னால் எடுத்து, திருப்பி இறக்கினாள். காரவள்ளியில் சமதளம் வந்ததும் ஓரம் கட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க எறங்கிக்கங்க," என்றாள்.

அவன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆயிலைப் பற்றி, பில்டரைப் பற்றி, மத்தியானத்தில் எங்கேயும் நிறுத்தக்கூடாது என்பதைப் பற்றி, கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டக்கூடாது என்பதைப் பற்றி எல்லாம் சொன்னான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அவன் கதவைச் சாத்தினான். எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபமாகப் போகிறவர்களும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வார்கள். கோகிலவாணி, "போறேனுங்க," என்றாள். சத்தம் தேய்ந்து மறையும் வரை அவன் நின்றான். பிறகு பஸ்ஸில் மேலே போனான். வெகுநாள் அமைதியில் தூக்கம் வராமல் கிடந்தான். அடுத்த வருடம் ஒரு ரெண்டு சிலிண்டர் வண்டியை வாங்கினான். அதைப் பற்றி யாரிடமும் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோகிலவாணி ஈரோட்டில் ஜவுளி மூட்டை ஏற்றுகிறாள். பகலெல்லாம் பவானி, சங்ககிரி, பள்ளிபாளையம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறாள். பொழுது சாய்ந்து வெயில் தணிந்ததும் ரஞ்சிதா கடை வாசலில் வண்டியை ஓடவிட்டு நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து தைக்கிறாள். பங்க்குகளில் எஞ்சினை அணைக்காமல் டீசல் போடக்கூடாது என்பது சட்டம். அவளுக்கு மட்டும் போடுகிறார்கள்.

மூணு வருடம் கழித்து அர்த்தனாரி ஏதோ சாமான் வாங்க ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போனான். ஒரு சிக்னலில் பஸ் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார், சுற்றி நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்ப்பதற்கு முன்னாலேயே காதால் தெரிந்துகொண்டான். நாலு சிலிண்டரும் சீராக ஓடின, ஒரு நூல் பிசகில்லை. நாலு வண்டி முன்னால், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு அவள் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பச்சை விழுந்தது, முதல் ஆளாகப் போய்விட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர் அர்த்தனாரி பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா எங்கியுமே ஆஃப் பண்ண மாட்டாங்க. அவங்களுக்கு அப்படித்தானுங்க, இங்க எல்லாத்துக்கும் தெரியும்," என்றார்.

அவள் நல்லா இருக்கிறாள் என்று அர்த்தனாரி மனசார நினைத்தான்.

"நல்ல வண்டிங்க," என்றான். "மைலேஜ்தான் கொஞ்சம் கம்மி."