குழி வெட்டியவர்களுக்குத் தேநீர்

துணி காயப்போடும் கொடிக்கயிறு அறுந்து இரண்டு நாளாகியிருந்தது. அன்று காலை தனசேகரன் புதுக் கயிற்றை வேப்பமரத்தில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"இன்னாங்க, துணி காயப்போடவா, மாடு கட்டவா?" என்று சிரித்தாள் பெரியநாயகி.

"உன் ஈரப் பொடவை மாட்டவிட கனம் ஜாஸ்திடி."

பக்கத்துத் தெருவில் ஆதிமூலத்தின் தகப்பனார் இறந்திருந்தார். குழி வெட்டத் தனசேகரனைக் கூப்பிட்டிருந்தார்கள். குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் வாங்கித் தருவது அந்த ஊர் வழக்கம். தராவிட்டால் செத்தவருக்கே மரியாதைக் குறைவு என்பார்கள். அதை நினைத்துத்தான் அவள் பேச்சை எடுத்தாள்.

"களை எடுக்கும்போது தைலம்மா சொல்லிச்சுங்க. சங்கராபுரம் சர்ச்சுல பாஸ்டர் சொன்னாராம். வேதத்துல குடிவெறிக்குக் கிரேக்கத்துல 'மெத்தே'ன்னு பேராம். அதோட சொந்தக்கார வார்த்தைய எண்ணெயில ஊறுன தோலுக்கும் சொல்லுவாங்களாம். ஊறிட்டா அப்புறம் தோல் வேற, எண்ணெய் வேறன்னு பிரிக்க முடியாதாம்."

"நான் எங்கடி ஊறினேன்? சாவு வூட்டுல மட்டும் ரெண்டு மடக்கு. அது சும்மா நனையறது." மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. தினமும் குடிக்கிற ஆளில்லை அவர்.

ஆதிமூலம் வீட்டில் குடித்துவிட்டு வந்து படுத்தவர், மறுநாள் பாயில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் விடியலியா?" என்று கேட்டார். அப்போது வெயில் கூரைமேல் ஏறியிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாராயத்தில் விஷம் கலந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அவர் உடல்தான் வீடு திரும்பியது.

பந்தலுக்கு வெளியே நின்ற கொழுந்தன் மாயவன், பெரியநாயகியிடம் வந்து குனிந்தான்.

"அண்ணி, குழி வெட்டறவங்களுக்கு வாங்கியாரணும். மலையிலேர்ந்து வந்த சரக்காம், நல்லதாம்."

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எந்தச் சாராயம் இவரைப் படுக்க வைத்ததோ, அதையே இவர் பேரால் இன்னும் நாலு பேருக்கு ஊற்றப் போகிறார்களா? தைலம்மாள் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. ஊறிக் கிடப்பது ஒரு மனுஷன் இல்லை. சாவு, சாமி கும்பிடுதல், காதுகுத்து எல்லாமே அதில் ஊறிக் கிடந்தன.

"வேணாம். டீ போடச் சொல்றேன்."

"ஊரு இன்னா பேசும்? வெறும் டீக்கு எவன் மம்பட்டியத் தொடுவான்?"

"எவனும் தொடலன்னா நான் வெட்டறேன். எட்து குடு."

அவள் எழுந்தேவிட்டாள். பெண்களின் அழுகை நின்றது. வேலி ஓரமாக நின்ற பூமாலை முன்னால் வந்தான். ஆதிமூலம் வீட்டுக் குழியைத் தனசேகரனோடு சேர்ந்து வெட்டியவன்.

"ஒக்காருங்கக்கா. அன்னிக்கு மஞ்சக்காமாலைக்கு மருந்து சாப்ட்டுக்கினு இருந்தேன், அதான் குடிக்கல. அதான் இன்னிக்கு நிக்கறேன். எனக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ போதும்."

அவன் பின்னால் இன்னும் இருவர் போனார்கள். மாயவன் மூலையில் இருந்த அண்ணனின் மம்பட்டியை எடுத்துக்கொண்டு தானும் நடந்தான். டீக்கேனைத் தைலம்மாள் சுமந்து போனாள்.

அந்த ஐந்து பேருக்கும் பெரியநாயகி இன்றுவரை மனசுக்குள் கைகூப்புகிறாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்த சாவுகளில் டீதான் கொடுக்கிறார்கள். மரியாதை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் அவள் சொல்வது ஒன்றுதான்: "குடிக்கறவரை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல. மரியாதைன்னு சொல்லிக் குடிக்க வெக்கிறோமே, அந்த வழக்கத்த நாமதான் நிறுத்தணும்."

வேப்பமரம் இப்போது பருத்துவிட்டது. கொடிக்கயிற்றில் அவர் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருக்கின்றன.