ஹெல்மெட்டுக்குள் ஒரு ‘ம்’

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் திடீரென்று பைக்குக்கு ஸ்பீக்கர் மாட்டினால், கட்டிய மனைவி சந்தேகப்படாமல் வேறு யார் சந்தேகப்படுவது? கைப்பிடியின் இரண்டு பக்கமும் கிண்ணம் அளவில் ஒவ்வொன்று. அதோடு நின்றாரா என்றால் இல்லை. இரண்டு ஹெல்மெட்டிலும் ஹெட்செட். பாட்டுக் கேட்கலாம், போன் பேசலாம், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் கத்தாமல் பேசிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தார். பதினெட்டு வருடமாக வண்டியில் ஏறினால் வாயைத் திறக்காத மனிதருக்கு இப்போது பேசுவதற்கு என்ன முளைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

சந்தேகம் அவளுக்குக் குணம் மட்டுமல்ல, பிழைப்பே அதுதான். காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, விபத்து மனுக்களைப் படித்து, எங்கே பொய் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாய் குறுக்கே வந்தது என்று எழுதியவரிடம் நாயின் நிறம் கேட்பாள். பொய் சொல்கிறவருக்கு நிறம் டக்கென்று வந்துவிடும். நிஜமாகவே விழுந்தவர்தான் முழிப்பார். இந்த ஒரு கேள்வியை வைத்து ஊரில் பாதிப்பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

கணவர் மோட்டார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருப்பவர். ஓடுகிற மோட்டாரின் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் சரியில்லை, பிரி என்பார். பிரித்துப் பார்த்தால் சரியில்லாமல்தான் இருக்கும். அதற்கென்று கருவி வாங்கி வைத்த பிறகும், கருவி சொன்னது சரிதானா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தொழிற்சாலையில் அவருக்குப் பாம்புச்செவி என்றே பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக ஒரு தினுசாக இருந்தார். வீட்டில் அவள் ஏதாவது பேசினால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். புதிதாகக் கல்யாணமானபோதுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. தப்புச் செய்கிறவன்தான் பெண்டாட்டியைத் தாங்கு தாங்கென்று தாங்குவான் என்று அவளுடைய அக்கா போனில் சொன்னாள். அக்காவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் அனுபவம் அதிகம். பத்தாததற்கு, வண்டியில் பாட்டு வைத்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், இது ஒரு சத்தமா என்று கேட்டார். இளமை திரும்புகிறது போலிருக்கிறது என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

தினமும் காலையில் அவளை அலுவலகத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் தொழிற்சாலைக்குப் போவார். ஒரு திங்கட்கிழமை, பாலம் ஏறும்போது பாட்டு நின்று மணி அடித்தது. அவருக்கு வந்த போன் எப்படியோ இரண்டு ஹெல்மெட்டிலும் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். குரல் என்றால் தேனில் நனைத்த குரல்.

"வியாழக்கிழமை மூணு மணிக்கு வந்துடுவீங்க இல்ல? வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லலைங்க. சமயம் பாத்துச் சொல்லணும்."

"எத்தனை நாளைக்குத்தான் மறைப்பீங்க?"

அவ்வளவுதான். அவர் கை அவசரமாக ஹெல்மெட்டின் பக்கவாட்டில் தடவியது, எதையோ அழுத்தியது. அவள் காதுக்குள் சத்தம் செத்தது. கைப்பிடி ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. பாலம் முழுக்க அந்தப் பாட்டோடு போனார்கள். அலுவலக வாசலில் இறங்கியதும் யார் பேசியது என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, ராங் நம்பர் என்றார். டக்கென்று வந்தது பதில்.

இரண்டு இரவு அவளுக்குத் தூக்கமில்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளிடம் சொல்ல முடியாது. வீட்டில் கேட்கலாமென்றால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை. முகம் தெரியாத இடம் வண்டிதான். புதன்கிழமை காலை, அவர் முதுகைப் பார்த்தபடி, மைக்கில் மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா?"

"ம்" என்றார்.

தெருவில் கடைகளெல்லாம் திறந்துகொண்டிருந்தன, யாரோ வாசலில் தண்ணீர் தெளித்தார்கள், எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நாளாவா?"

"ம்."

மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ‘ம்’ என்பதில்தான் எத்தனை வகை. கதை கேட்கிறவன் கொட்டுவது ஒன்று, சலித்துப்போய்ச் சொல்வது ஒன்று, தப்பை ஒப்புக்கொள்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்வது ஒன்று. முதுகுக்குத் தலை குனியத் தெரியாது, அதனால் எந்த ‘ம்’ என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் அதைச் செய்யாமல் விட்டாள்.

அன்று மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். வீட்டுக்கு வந்து போகிற மனிதர். அழுகையை விழுங்கிக்கொண்டு, மனுக்காரர்களிடம் பேசுகிற குரலை எடுத்து வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் மதியம் இவர் வேலையில்தான் இருக்கிறாரா என்று கேட்டாள். வாராவாரம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, உங்களுக்குத் தெரியாதா என்றார் சூப்பர்வைசர். எங்கே போகிறார் என்று விசாரித்துச் சொல்லுங்கள், நான் கேட்டதாக யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று, அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. நாளைக்கு நாமே ஒரு கை பார்த்துவிடலாம் என்று அவள் தீர்மானித்தாள்.

சனிக்கிழமை காலை கணவர் குளிக்கப் போனதும் அவருடைய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். அவளுடைய ஹெல்மெட்டில் இடது காதுக்கு ஒரு சிறிய ஸ்பீக்கரும் வலது காதுக்கு ஒன்றும் ஒட்டியிருக்கும். அவருடையதில் இடது பக்கம் வெறும் பள்ளம்தான் இருந்தது. இரண்டையும் பிடுங்கி வலது பக்கத்திலேயே, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார். அவளுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. இடது காதைச் சும்மா வைத்திருக்கிறார் என்றால் அதில் வேறு எதையோ மாட்டுகிறார். பெண்டாட்டிக்கு ஒரு காது, அந்தத் தேன்குரல்காரிக்கு ஒரு காது. எவ்வளவு ஒழுங்காகப் பங்கு பிரித்திருக்கிறார் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள். இடது பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். ம் என்றார். நான் பேசுவது காதில் விழுகிறதா என்றாள். அதற்கும் ம். சாயங்காலம் நான் வீட்டுக்கு வரப்போவதில்லை, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ம். அவளுக்கு ஆங்காரம் தலைக்கேறியது.

"வரும்போது ஒரு யானை வாங்கிட்டு வரேன், கட்டிப் போட இடம் பண்ணி வைங்க."

"ம்" என்றார், ரொம்ப அக்கறையாக.

அவளுக்குள் ஏதோ இடறியது. வேறொருத்தி இருக்கிறாளா என்ற கேள்விக்குச் சொன்ன அதே ‘ம்’. நூலளவும் வித்தியாசமில்லை. கள்ளத்தனம் பண்ணுகிறவன்கூட யானை என்றால் திரும்பிப் பார்ப்பானே.

அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. இடது பக்கம், முழங்காலை உரசுகிற தூரத்தில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். அவளுக்கே காது கிழிந்தது. இவர் அசைந்தே கொடுக்காமல் இடது பக்கமாக வண்டியை ஒடித்தார். அவள் அவருடைய வலது தோளைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். வண்டி தள்ளாடி, பேருந்தை முன்னே விட்டு ஓரம்கட்டி, மூடியிருந்த ஒரு கடை வாசலில் போய் நின்றது. பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனார். அந்தத் திட்டும் இவருக்கு உறைக்கவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. அவள் இறங்கி அவருடைய இடது பக்கத்தில் நின்று, என்னங்க என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக முன்னால் வந்து நின்றாள். அவர் கண் நேராக அவள் உதட்டுக்குப் போனது. இரண்டு மாதமாக அவர் பார்த்தது முகத்தை அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறைத்துப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார். இடது காது போய்விட்டது, வலது காதும் குறைந்துகொண்டு வருகிறது. போன் பேசியது காது பரிசோதிக்கிற மையத்துப் பெண். வியாழக்கிழமைகளில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருகிறார்கள். பாட்டும் போனும் சத்தத்தைக் கூட்டினால் கேட்கிறது, அவள் பேசுவது மட்டும் புழு ஊர்கிற மாதிரிக் கேட்கிறது, அது ஏன் என்று புரியவில்லை என்றார். அவள் அவர் போனை வாங்கி, ஹெட்செட்டின் சத்த அளவுகளைத் திறந்து பார்த்தாள். பாட்டுக்கு ஒரு அளவு, போனுக்கு ஒன்று, பின்னால் இருப்பவர் பேச்சுக்குத் தனியாக ஒன்று. மூன்றாவது அடிமட்டத்தில் கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

"ஒவ்வொரு தடவையும் ‘என்ன, என்ன’ன்னு கேட்டா நீ கண்டுபிடிச்சிடுவ. அதான் ம் கொட்டினேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. வேறொருத்தி இல்லை. காதுதானே, போனால் போகட்டும், இவர் இருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதைப் போயா மறைச்சீங்க என்றாள்.

அவர் சிரிக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சிடுச்சு. யாரோ சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் கொடுத்திருக்காங்க. வியாழக்கிழமை என் பின்னாலேயே ஆள் அனுப்பிப் பாத்திருக்கார். திங்கக்கிழமை கம்பெனி டாக்டர் காது டெஸ்ட் எடுக்கிறார். அதுக்கப்புறம் என்னை அந்த மோட்டார் பக்கம் யாரு விடப்போறாங்க?"

அவள் பிடி தானாகத் தளர்ந்தது.

யார் என்று தனக்குத் தெரியும் என்றார் அவர். தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரர்தான். பதினைந்து வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்ட மனிதர், அவர் ஒருவரிடம்தான் காது விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தாராம். இன்றைக்கு எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்கப்போகிறேன், அவன் மூஞ்சியில் இனிமேல் முழிக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தார்.

அவள் நகர்ந்து அவருடைய இடது பக்கத்துக்கு வந்தாள். வேண்டுமென்று வந்தாளா, கால் தானாக வந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"நான்தான் போன் பண்ணேன்" என்று அங்கே நின்று சொன்னாள்.

அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சொல்லியாயிற்று. இப்படியே ஏறி உட்கார்ந்துவிடலாம். சொன்னேனே, உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று பிற்பாடு சத்தியமே பண்ணலாம். இந்த மாதிரி உண்மை பேசுகிறவர்களை அவள் மேசைக்கு எதிரில் நிறையப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொருவரையும் எழுந்து போகச் சொல்லியிருக்கிறாள்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"அவர் இல்லைங்க. நான்தான். புதன்கிழமை சூப்பர்வைசருக்கு நான்தான் போன் பண்ணேன்."

அவர் கை சாவியோடு அப்படியே நின்றது. முழுதாகக் கேட்டுவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் வலது காதை அவள் பக்கம் திருப்பி, "என்ன சொன்ன?" என்றார்.

தன் காது தப்பாகக் கேட்டிருக்க வேண்டும் என்று பாம்புச்செவி ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவள் திரும்பவும் சொன்னாள்.